பின்பாதிக்காரி

“மறுபடியுமா?” என்று கேட்டான் ரயிலின் பேன்ட்ரிக்காரன்.

வரிசையில் வேறு யாரையோ கேட்கிறான் என்று நினைத்து அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் கம்பளித் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் மட்டும் நின்றார். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மறுபடியும்? நான் இப்பத்தான் வர்றேன்.”

“இப்பத்தானேக்கா ஃபிளாஸ்க் நிறைய ஊத்திக் குடுத்தேன். கொழந்தை அழுவுதுன்னு வரிசையில நிக்காம முன்னாடி வந்து வாங்கிட்டுப் போனீங்க.”

“வேற யாரையாவது பாத்திருப்பீங்க.”

“இதே பச்சை சால்வை. இதே ஃபிளாஸ்க். மூடியில இதே வெடிப்பு.”

அவள் மூடியைப் பார்த்தாள். நேற்றுத்தான் குழந்தை அதை மேல் படுக்கையிலிருந்து தள்ளிவிட்டிருந்தது. வெடிப்பு இன்னும் புதிதாக, விளிம்பில் வெள்ளையாக இருந்தது. அவள் மூடியைத் திருகித் திறந்து, ஃபிளாஸ்கைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டுகூட விழவில்லை.

“ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான்க்கா,” என்றான் அவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. “வண்டி பிரியப்போற நேரம். பின்பாதி ஆளுங்க எல்லாம் ஒட்டுக்கா வந்து நின்னா நான் எங்க போவேன்? அண்டாவுக்குள்ள ஆறா ஓடுது?”

“ஏம்ப்பா, வெந்நீர்தானே கேக்குது அந்தப் பொண்ணு, வைரமா கேக்குது?” என்றார் தொப்பிக்காரர். “ஊத்து. உன் தாத்தன் சொத்து ஒண்ணும் கரைஞ்சு போயிடாது.”

“என் தாத்தன் சொத்தே இந்த அண்டாதான் பெரியவரே,” என்று முனகிக்கொண்டே அவன் பெரியவரைக் கவனித்தான், அவருக்குப் பின்னால் புதிதாக வந்து நின்றவரையும் கவனித்தான், கடைசியில் மனமில்லாமல் அவள் ஃபிளாஸ்கை வாங்கினான்.

நாட்டின் ஒரு கோடியில் கிளம்பி, சமவெளி முழுவதையும் ஒரே வண்டியாகக் கடந்து வரும் அந்த ரயில், பெரிய சந்திப்புக்கு முன்னால் உள்ள யார்டில் இரண்டாகப் பிரியும். முன்பாதி துறைமுகத்துக்குப் போகும். பின்பாதி வேறொரு இன்ஜின் பூட்டிக்கொண்டு மலைக்கு ஏறும். சமையல் பெட்டியான பேன்ட்ரி முன்பாதியோடு போய்விடும் என்பதால், கைக்குழந்தை வைத்திருக்கும் பின்பாதிக்காரர்கள் எல்லாம் பிரிவதற்கு முன்பே வெந்நீர் பிடித்து வைத்துக்கொள்வது அந்த வண்டியில் வழக்கம். அவள் பெட்டி பின்பாதியில் இருந்தது. கணவனுக்கு மலைநகரத்தில் புது வேலை. மொத்தக் குடித்தனமும் மூட்டைகளாகக் கட்டிப் படுக்கைக்கு அடியில் கிடந்தது.

அவள் வெந்நீர் பிடிக்கக் கிளம்பும்போது அவன் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். “சீக்கிரம் வந்து சேரு,” என்றான். “போன இடத்துல குடித்தனம் வச்சுடாத.” அவள் முறைத்துவிட்டு, குழந்தையின் காதில் “இதோ வந்துட்டேன் கடுகு,” என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். குறைமாதத்தில் பிறந்து, கையளவாகக் கிடந்த நாட்களில் அவள் வைத்த பெயர் அது. மற்றவர்களுக்குப் பாப்பா. அவளுக்கு மட்டும் கடுகு.

ஃபிளாஸ்கின் சூடு சால்வையைத் தாண்டி விலாவில் இறங்க, அவள் பின்னோக்கி நடந்தாள். வெளியே மழை பெய்து பெய்து அந்தி நேரத்திலேயே இருட்டைக் கொண்டுவந்துவிட்டிருந்தது. ஜன்னல்களில் நீர் சாய்வாக ஓடியது. பெட்டிக்குள் நனைந்த கம்பளியும் ஃபினாயிலும் பழைய இரும்பும் சேர்ந்த ஒரு வாசனை, மூடிய வாய்க்குள்ளிருந்து வருவதைப் போல வெதுவெதுப்பாக எழுந்தது. சக்கரங்கள் தண்டவாள இணைப்புகளைத் தாண்டும் ஓசை மெல்ல மெல்ல இடைவெளி விட்டது. வண்டி வேகம் குறைந்துகொண்டிருந்தது.

அவள் வருவதற்கு முன்பே நடைபாதையில் நீட்டியிருந்த கால்கள் மடங்கின. ஒவ்வொரு இருக்கையிலும். யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. இப்போதுதான் ஒருவருக்கு வழி விட்டுவிட்டு இன்னும் காலை நீட்டாமல் இருப்பவர்களைப் போல அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாவது பெட்டியில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் சலித்துக்கொண்டாள். “எத்தனை தடவைம்மா இந்தப் பக்கமே போவ? வர்றப்ப காணோம், போறப்ப மட்டும் காலை மடக்கச் சொல்ற.”

“நான் ஒரு தடவைதான் போறேன்மா.”

“சரி, சரி. போ. நூலை மிதிச்சுடாத.”

அவள் நூலை மிதிக்காமல் இருக்கக் குனிந்து பார்த்தாள். அப்போதுதான் தரையில் அந்தச் சொட்டுகளைக் கண்டாள். நடைபாதையின் நடுவில், ஓரடிக்கு ஒன்றாக, கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. மழை ஒழுகியிருக்கும். செருப்பைக் கழற்றி ஒரு சொட்டைக் கால் விரலால் தொட்டுப் பார்த்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சூடாக இருந்தது.

இந்தச் சால்வையைக் கிளம்பின ஸ்டேஷனில் குவியலாகக் கொட்டி வைத்து விற்றார்கள், வண்டியில் பாதிப் பேர் போர்த்தியிருப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். குழந்தை உள்ள வேறொருத்தி. அவ்வளவுதான். கணவனிடம் சொன்னால் சிரிப்பான், ஒருத்தியைச் சமாளிக்கவே முடியவில்லை, இதில் இரண்டா என்பான். அவள் சிரிக்கப் பார்த்தாள். ஆனால் கால்கள் தாமாகவே வேகமெடுத்தன. ஒவ்வொரு பெட்டியின் கடைசியிலும் கதவு அவள் தொடும் முன்பே ஆடிக்கொண்டிருந்தது.

வண்டி நின்றது.

முன்பாதியின் கடைசிப் பெட்டி அது. அதற்கப்பால் பின்பாதி. இரண்டுக்கும் நடுவே எப்போதும் திறந்து கிடக்கும் இடைவழியில் இப்போது இரும்புத் தடுப்பு முழுக்க இறங்கியிருந்தது. டிக்கெட் பரிசோதகர் கீழே குத்துக்காலிட்டு அதன் பூட்டில் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“சார், ஒரு நிமிஷம். நான் பின்பாதி.”

அவர் நிமிர்ந்தார். முகத்தில் முதலில் எரிச்சல்தான் இருந்தது. பிறகு அது போய்விட்டது. அவள் சால்வையைப் பார்த்தார், ஃபிளாஸ்கைப் பார்த்தார், தடுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க எப்படிம்மா இந்தப் பக்கம்?”

“வெந்நீர் பிடிக்கப் போயிருந்தேன். திறங்க சார், பாப்பா காத்துட்டு இருக்கா.”

“அதைத்தானேம்மா அப்பவும் சொன்னீங்க. பூட்டப்போற நேரத்துல ஓடி வந்தீங்க. நான்தானே கையைப் பிடிச்சுத் தாண்ட வச்சேன்?” அவர் தன் வலது கையை ஒருமுறை பார்த்துவிட்டு, பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். “அவ்வளவு சூடா ஃபிளாஸ்க்கைப் பிடிச்சிருக்கீங்க, கை மட்டும் எப்படி ஐஸ் மாதிரி இருக்குன்னுகூட நினைச்சேன்.”

“அது நான் இல்ல சார்.”

“கொக்கி கழட்டியாச்சும்மா. இப்ப திறந்தா அந்தப் பக்கம் பெட்டி இருக்காது. தண்டவாளம்தான் இருக்கும்.”

அவள் பக்கவாட்டுக் கதவுக்கு ஓடினாள். இறங்கி, ஜல்லியில் ஓடி, அடுத்த பெட்டியில் ஏறிக்கொள்ளலாம். பத்து எட்டு இருக்குமா? கதவைத் தள்ளியதும் ஈரக் காற்று முகத்தில் அறைந்தது. அதன் பின்னாலேயே விளக்கும் இரைச்சலும். பக்கத்துத் தடத்தில் ஒரு சரக்கு வண்டி பாய்ந்து வந்தது. பரிசோதகர் அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். வேகன்கள். இன்னும் வேகன்கள். கறுப்பு, கறுப்பு, கறுப்பு. எதிர்ப்பக்கக் கதவுக்கு ஓடினாள். அங்கே கைநீட்டினால் தொடும் தூரத்தில் யார்டின் மதில், பாசி பிடித்து, இறங்க இடமே விடாமல் நின்றது. திரும்பி வந்தாள். கடைசி வேகன் போய் இரைச்சல் ஓய்ந்தபோது, கீழே ஜல்லிக் கற்கள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. பிறகு வேகமாக.

முன்பாதி கிளம்பிவிட்டது.

“நிறுத்தச் சொல்லுங்க சார். என் பொண்ணு அங்க இருக்கா. யாரோ ஒருத்தி அங்க போயிருக்கா.”

அவர் நல்ல மனிதர். வாக்கி டாக்கியை எடுத்து, பின்பாதியில் இருந்த இன்னொரு பரிசோதகரிடம் பேசினார். அவள் பெட்டியையும் படுக்கையையும் கேட்டுச் சொன்னார். காத்திருந்தார்கள். கருவி இரைந்தது. உள்ளே யாரோ நடந்து போகும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல்.

“பாத்துட்டேன் சார். அம்மா, அப்பா, கொழந்தை, மூணு பேரும் இருக்காங்க. பாலு கலக்கிட்டு இருக்காங்க அந்தம்மா. இங்க யாரும் விட்டுப்போகல.”

பரிசோதகர் கருவியை இறக்கினார். இப்போது அவர் அவளைப் பார்த்த பார்வை வேறாக இருந்தது.

அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். கம்பளித் தொப்பிக்காரரும் அவர்களில் இருந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு முன்னாடிதானே நான் வரிசையில நின்னேன்?”

“நின்னம்மா,” என்றார் அவர். பேன்ட்ரியில் கேலி பேசிய குரல் இல்லை அது. “அதுக்கு முன்னாடியும் வந்த. நான் உன்கிட்ட பேச்சுக் குடுத்தேன். மழை விடுமான்னு கேட்டேன். நீ என்னைப் பாத்துச் சிரிச்ச. பதில் சொல்லல.”

அவள் அவர் கையை விட்டுவிட்டு ஃபோனை எடுத்தாள். விரல்கள் வழுக்கின. மணி அடித்தது. அடித்தது. எடுத்தான்.

“ஏங்க, நான்தான். நான் முன்பாதியில மாட்டிக்கிட்டேன். பாப்பா எங்க? பாப்பாவைக் கையில வச்சிருக்கீங்களா?”

“யாருங்க நீங்க?”

“என்னங்க இது? நான்தாங்க.”

“நீங்க பேசுறது என் பொண்டாட்டி ஃபோன்ல. வெந்நீர் வாங்குற கூட்டத்துல யாரோ அடிச்சுட்டாங்கன்னு இப்பத்தான் வந்து புலம்பிட்டு இருக்கா. மரியாதையா அடுத்த ஸ்டேஷன்ல குடுத்துடுங்க. போலீஸ் கீலீஸ்னு அலைய விடாதீங்க.”

தெரியாத பெண்களிடம் பேசும் குரல். கடைக்காரியிடம், பக்கத்து இருக்கைக்காரியிடம், அவன் பேசும் அந்த நிதானமான, சற்றே தள்ளி நிற்கும் குரல். அவளிடம் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

“என் குரல் தெரியலையா உங்களுக்கு? குடித்தனம் வச்சுடாதன்னு நீங்கதானே சொல்லி அனுப்பினீங்க? அங்க இருக்குறது நான் இல்லங்க. அவ முகத்தை நல்லாப் பாருங்க. தயவுசெஞ்சு பாருங்க.”

சக்கர ஓசை மட்டும். அவன் ஃபோனைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பேசுவது கேட்டது. “ஏய், இங்க வாயேன். யாரோ ஒருத்தி அச்சு அசல் உன்னை மாதிரியே மிமிக்ரி பண்றா.” அவன் சிரித்தான். ஆனால் சிரிப்பு முழுதாக வரவில்லை.

பின்னணியில் குழந்தை அழுதது.

அந்த அழுகை அவளுக்குத் தெரியும். குழந்தையின் எல்லா அழுகைகளும் தெரியும். இது பசி இல்லை. தூக்கம் இல்லை. தெரியாத ஆள் தூக்கினால் உடம்பை விறைத்துக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, பிறகு வெடிக்கும் அழுகை.

அதன் மேல் ஒரு குரல், நிதானமாக, தாலாட்டுவது போல: “அழக்கூடாது கடுகு. அம்மா இங்கதானே இருக்கேன்.”

அவளுடைய குரல்.

“குடுங்க, நான் பேசுறேன்,” என்றது அது. ஃபோன் கை மாறியது. மூச்சுச் சத்தம் கேட்கும் என்று அவள் காத்திருந்தாள். கேட்கவில்லை.

“அழாதீங்க,” என்றது அந்தக் குரல். கோபமே இல்லை அதில். ஆறுதலாக இருந்தது. “ஃபோனை நீங்களே வச்சுக்கோங்க.”

துண்டித்துவிட்டது. மறுபடி அழைத்தாள். அணைத்துவிட்டிருந்தார்கள்.

அபாயச் சங்கிலி ஜன்னலுக்கு மேல் சிவப்பாகத் தெரிந்தது. அவள் இருக்கை மேல் ஏறிக் கைநீட்டியபோது இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். முரட்டுத்தனமாக இல்லை. உடம்பு சரியில்லாத ஒருத்தியைப் பிடிப்பது போல. ஸ்வெட்டர் பின்னிய அம்மாள் எங்கிருந்தோ வந்து முதுகைத் தடவிவிட்டாள். “தண்ணி குடிம்மா. ரெண்டு நாள் பயணம்னா தலை கிறுகிறுக்கத்தான் செய்யும். எனக்கும் இப்படித்தான் வரும்.” யாரோ ஃபிளாஸ்கை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். எல்லோரும் அன்பாக இருந்தார்கள். அடித்திருந்தால்கூடத் திமிறியிருப்பாள். அந்த அன்புக்குள் கை கால் அசைக்க முடியவில்லை.

“அம்மா, இங்க பாருங்க,” என்றார் பரிசோதகர். “யார்டு முடியுற வரைக்கும் ரெண்டு வண்டியும் பக்கத்துப் பக்கத்துல ஓடும். நாம மெதுவா போறோம். அவங்க இன்ஜின் பூட்டிக் கிளம்பியாச்சு, இப்ப வந்து சேந்துடுவாங்க. நீங்களே ஜன்னல்ல பாருங்க. உங்க குடும்பமான்னு பாருங்க. மனசு அடங்கும்.”

அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். பக்கத்திலும் எதிரிலும் ஆட்கள் உட்கார்ந்துகொண்டார்கள்.

முதலில் இருட்டும் மழையும்தான். பிறகு தூரத்தில் ஒரு விளக்கு. இன்ஜின் மூச்சிரைத்துக்கொண்டு தாண்டியது. அதன் பின்னால் வெளிச்சமான ஜன்னல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் அவளைக் கடந்தன. சீட்டு விளையாடும் ஆட்கள். கொட்டாவி விடும் ஒருவன். காலி இருக்கை. யாரோ கழற்றி மாட்டிய கோட்டு. வண்டிகள் இரண்டும் சம வேகத்துக்கு வந்தன. ஜன்னல்கள் நகர்வது நின்றது.

நேர் எதிரே அவள் பெட்டி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கட்டிய மூட்டைகள். கணவன் முதுகைக் காட்டி நின்று, மேல் படுக்கையில் விரிப்பை உதறிக்கொண்டிருந்தான். ஜன்னலோரத்தில் பச்சைச் சால்வை போர்த்திய ஒருத்தி. மடியில் குழந்தை.

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். அவளுடைய முகம். புருவத்தின் மேல் சின்ன வயதில் விழுந்த தழும்பு. கன்னத்தில் மச்சம். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில், தினமும் தலைவாரும்போது பார்க்கும் அதே இடத்தில்.

பிறகு புரிந்தது. தலைவாரும்போது பார்ப்பது கண்ணாடியில்.

அவள் தன் புருவத்தைத் தொட்டாள். தழும்பு வலது பக்கம். அங்கே உட்கார்ந்திருந்தவளுக்கு இடது.

“ஏங்க!” என்று கத்தினாள். “ஏங்க! திரும்பிப் பாருங்க!”

கணவன் விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகினான். கவனமாக. சுருக்கம் இல்லாமல்.

குழந்தைதான் திரும்பியது.

அழுது சிவந்திருந்த முகம். பார்த்தது. மடியில் வைத்திருந்தவளை நிமிர்ந்து பார்த்தது. மறுபடி இங்கே பார்த்தது. அடையாளம் தெரிந்துவிட்டது. உடம்பு முழுவதும் இந்தப் பக்கம் பாய்ந்தது. ஒரு கை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது, ஐந்து விரலும் விரிந்து, வெளுத்து. வாய் திறந்தது. என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டியதே இல்லை. அதற்குத் தெரிந்த முதல் சொல் அதுதான்.

“கடுகு,” என்றாள். “கடுகு. கடுகு.” ஜன்னல் கண்ணாடியை இரண்டு கைகளாலும் அறைந்தாள். பக்கத்திலிருந்தவர்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

“உங்க வீட்டுக்காரர்தானேம்மா அது?” என்றார் பரிசோதகர், நிம்மதியாக. “உங்க பாப்பாதானே? பாருங்க, நல்லாத்தானே இருக்காங்க.” அவர் குனிந்து எதிர் ஜன்னலைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். குழந்தையை வைத்திருந்தவளைப் பார்த்தார்.

பிறகு தன் வலது கையை மறுபடி பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

சத்தமே இல்லாமல் தண்டவாளங்கள் விலகத் தொடங்கின. இரண்டு ஜன்னல்களுக்கும் இடையே ஒரு கோடு இருட்டு. பிறகு ஒரு கை அகலம்.

அங்கே இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவசரப்படவில்லை. குழந்தையின் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த அந்தச் சின்னக் கையை, விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள். மணிக்கட்டில் பிடித்தாள். தூக்கினாள்.

குழந்தை வீறிட்டுக்கொண்டிருக்க, அந்தக் கையை இவளுக்கு நேராகக் காட்டி, மேலும் கீழுமாக, மேலும் கீழுமாக, டாட்டா காட்ட வைத்தாள்.